போகும் இடம் எழுதாத கடிதம்

“யாரும் அவளைத் தள்ளி வைக்கல, நோவலீன். அவளாத்தான் போனா. முன்வாசல் வழியா, பட்டப்பகல்ல போனா.”

“நான் கேள்விப்பட்டதைச் சொன்னேன், டெசி அக்கா.”

“நீ எங்கடி கேள்விப்படுற? நீ சொல்லித்தான் ஊரே கேள்விப்படுது.”

பியூட்டி பார்லரில் எனக்கும் நோவலீனுக்கும் நடந்த பேச்சு இது. அவள் தலை முழுக்க முடி சுருட்டுகிற உருளைகளைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஓலீட்டாவுக்காகச் சபை ஓட்டெடுத்த ஞாயிறு அவள் இந்த ஊரிலேயே இல்லை. மகளுக்குப் பிள்ளை பிறந்ததென்று ஒஹையோ போயிருந்தாள். ஆனாலும் எல்லாம் அவளுக்குத்தான் தெரியும்.

“கேஸ் வண்டி ஓலீட்டா வீட்டு முன்னால முக்கால் மணி நேரம் நின்னுச்சு அக்கா. என் கண்ணால பார்த்தேன்.”

“என் வீட்டு முன்னால ஒரு மணி நேரம் நின்னுச்சு. எனக்கு எழுபத்தெட்டு வயசு. அதையும் ஊர்ல சொல்லு, எனக்கும் கொஞ்சம் பேர் வரட்டும்.”

முடி வெட்டுகிற பெண் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். நோவலீன் சிரிக்கவில்லை. “ஒரு காரணம் இல்லாம நாற்பது வருஷம் கோயிலுக்கு வந்தவ நிறுத்துவாளா? ஒண்ணு சின்சினாட்டியில இருக்கிற மகன் மனசைக் கெடுத்திருக்கணும். இல்ல, அவளுக்கு உடம்புக்கு ஏதோ வந்து ஆண்டவர்மேல கோவிச்சுக்கிட்டிருக்கணும்” என்றாள்.

காரணம் ஒன்றும் கிடையாது. அதைத்தான் இந்த ஊரால் தாங்க முடியவில்லை. அதனால்தான் நான் சொல்லச் சொல்ல இதை என் பேத்தி எழுதுகிறாள். எழுதுவது அவள் வேலை. திருத்துவது அவள் வேலை இல்லை.

ஓலீட்டா ஸ்டாம்பர் எங்கள் டன்லப் ஓடைக்காரி. அப்பா சுரங்கத்தில் நிலக்கரி வெட்டியவர். பதினோரு வயதில், ஏப்ரல் மாதத்தில், பனிக்கட்டி உருகி வந்த ஓடைத் தண்ணீரில் முழுகி ஞானஸ்நானம் எடுத்தாள். பிறகு இரண்டு வாரம் இருமினாள். இருபத்து மூன்றில் ஆர்விலைக் கட்டினாள். அவன் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டுகிறவன். பாய்லர், மோட்டார் எது நின்றாலும் கைவைத்து ஓடவிடுவான். அவள் பள்ளிக்கூடச் சமையலறையில் இருபத்தேழு வருடம் வேலை பார்த்தாள். மதியச் சாப்பாட்டுக்குப் பணம் கொண்டுவராத பிள்ளையை அவள் ஒருநாளும் வெறும் தட்டோடு திருப்பி அனுப்பியதில்லை. ஒரே மகன். வளர்ந்தான், போனான், கிறிஸ்துமஸுக்கு வருவான்.

எங்கள் பாப்டிஸ்ட் சபைக்கு அவள்தான் செயலாளர். இருபத்தாறு வருடம். அங்கத்தினர் பதிவேடு அவள் கையில் இருந்தது. யாராவது ஊர் மாறிப் போனால், போகிற ஊர்ச் சபைக்கு மாற்றுக் கடிதம் எழுதுவாள். “இவர் எங்களிடம் நல்ல சாட்சியோடு இருந்தவர், உங்களிடம் ஒப்படைக்கிறோம்” என்று இருக்கும்; நல்ல சாட்சி என்றால் நல்ல பேர். எனக்கு எழுத்து வாசிக்க வராது. ஆனால் அவள் எழுத்து நாற்று நட்டதுபோல் வரிசையாக இருக்கும் என்பது வாசிக்காமலே தெரியும்.

வாசிக்க வராது என்றேனே, அதையும் சொல்லிவிடுகிறேன். ஞாயிறு காலை பெண்கள் வகுப்பில் வட்டமாக உட்கார்ந்து ஆளுக்கொரு வசனம் படிப்போம். என் முறை வரும்போது ஓலீட்டா என் பக்கம் சாய்ந்து, “டெசி அக்கா மறுபடியும் கண்ணாடியை மறந்துட்டாங்க, நான் படிக்கிறேன்” என்பாள். முப்பத்தொரு வருடம் நான் கண்ணாடியை மறந்திருக்கிறேன். என்னிடம் கண்ணாடியே கிடையாது. ஒருநாள்கூட அவள் அதைப் பற்றித் தனியாக என்னிடம் பேசியதில்லை. அப்படிப்பட்டவளைப் பற்றி என் முன்னால் வாயைத் திறந்தால் நான் சும்மா இருப்பேனா?

விஷயம் தொடங்கியது போன வருடம் ஆகஸ்டில். அவள் சமையலறையில் உட்கார்ந்து பீன்ஸ் நார் உரித்துக்கொண்டிருந்தோம். தொலைபேசி அடித்தது. ஏதோ கணக்கெடுப்பாம். ஒரு சின்னப் பெண் கேள்வி கேட்கிறாள், இவள் கையில் பீன்ஸோடு பதில் சொல்கிறாள். தொலைபேசியைச் சத்தமாக வைத்திருந்ததால் எனக்கும் கேட்டது. வயது என்ன, வீட்டில் எத்தனை பேர், ஓட்டுப் போட்டீர்களா என்று போனது. பிறகு, “நீங்க எந்த மதம் மேடம்? புராட்டஸ்டண்ட், கத்தோலிக்கம், யூதம், வேற ஏதாவது, இல்ல எதுவும் இல்லையா?” என்றாள்.

ஓலீட்டா பீன்ஸ் ஒன்றின் முனையைக் கிள்ளினாள். இன்னொரு முனையும் கிள்ளினாள்.

“எதுவும் இல்ல” என்றாள்.

“சரிங்க மேடம். அடுத்த கேள்வி, உங்க வீடு சொந்தமா, வாடகையா?”

ஓலீட்டா வாடகைக் கேள்விக்குப் பதில் சொல்லவில்லை. “இரும்மா. இப்படிச் சொல்றவங்க வேற யாராவது இருக்காங்களா?” என்று கேட்டாள்.

அந்தப் பெண் குரலைத் தணித்தாள். “நான் இதைச் சொல்லக் கூடாது மேடம். ஆனா நிறையப் பேர் சொல்றாங்க. இன்னிக்கு மட்டும் நீங்க ஒன்பதாவது ஆள்.”

ஓலீட்டா தொலைபேசியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

“கேட்டுட்டீங்களா அக்கா?”

“எனக்குப் படிக்கத்தான் தெரியாது. காது நல்லா கேக்குது.”

“வாயைத் திறந்து இப்பத்தான் முதல்முறை சொல்றேன். அவ ஆச்சரியமே படல பாருங்க. வீடு சொந்தமான்னு கேக்குறா.”

எப்போதிலிருந்து என்று கேட்டேன். தெரியாது என்றாள். “ஐஸ்பெட்டி முனகிக்கிட்டே இருக்கும்ல அக்கா. நின்ன பிறகுதானே நின்னுடுச்சுன்னு தெரியும்? அப்படித்தான். ஒருநாள் கவனிச்சேன், சத்தம் இல்ல. எப்ப நின்னுச்சோ. பதினோரு வருஷமாச்சு, நான் கவனிச்சு.”

யாரும் அவளுக்குத் தீங்கு செய்யவில்லை. யாரும் சாகவில்லை. சபையில் யார்மேலும் கோபம் இல்லை. நான் நம்புகிறவள், இன்றைக்கும் நம்புகிறேன். உனக்காக ஜெபம் பண்ணுவேன் என்று அப்போதே சொன்னேன். “பண்ணுங்க அக்கா, யாராவது என்னை நினைச்சுக்கிட்டு இருந்தா நல்லதுதானே” என்றாள். அதோடு அந்தப் பேச்சு எங்களுக்குள் முடிந்தது. பீன்ஸைப் பன்றி எலும்போடு போட்டு வேகவைத்தோம்.

வராமல் நின்றுவிட்டால் போதுமே என்பீர்கள். இளசுகள் எல்லாம் அப்படித்தான் போகிறார்கள். பதிவேட்டில் முந்நூற்றுப் பன்னிரண்டு பெயர், பெஞ்சில் அறுபது பேர். மற்றவர்கள் லெக்சிங்டனிலும் சின்சினாட்டியிலும் ஞாயிற்றுக்கிழமை தூங்குகிறார்கள். அவர்கள் பெயரை வருடா வருடம் ஓலீட்டாதான் புதிய பக்கத்துக்கு மாற்றி எழுதினாள். “என் கையால எழுதின புத்தகத்துல என் பேர் பொய்யா இருக்கக் கூடாது அக்கா” என்றாள். பெயரை எடுத்தாகவேண்டும், அது ஒரு பக்கம். எடுக்க முடியாமல் மறுபக்கம் ஆர்வில். அவன் சபையின் டீக்கன், பாஸ்டருக்கு அடுத்த பொறுப்பு. டீக்கன் என்றால் வீட்டை ஒழுங்காக நடத்துகிறவனாக இருக்கவேண்டும் என்று வேதத்தில் இருக்கிறது. மனைவி விட்டுப் போனால் அவன் பதவி என்னாகும்? பதினெட்டு வருடம் கோயில் வாசலில் நின்று எல்லோருக்கும் கைகொடுத்தவன். அதை அவனிடமிருந்து பிடுங்க அவளுக்கு மனம் வரவில்லை. அவனிடம் சொல்லவும் துணியவில்லை. தூக்கம் போயிற்று, உடம்பு இளைத்தது.

இங்கேதான் கூத்து நடந்தது.

எங்கள் சபையில் புதன்கிழமை ஜெபக் கூட்டம். அவரவர் விண்ணப்பத்தைச் சொல்வார்கள். முழங்கால் வலி, பேரனுக்கு வேலை, மாட்டுக்கு நோவு. வெளியே சொல்ல முடியாததென்றால் கையை மட்டும் தூக்கி, “சொல்லாத விண்ணப்பம்” என்றால் போதும். யாரும் என்னவென்று கேட்கக் கூடாது. அதுதான் மரியாதை. எல்லாவற்றையும் ஓலீட்டா பட்டியல் எழுதுவாள்.

செப்டம்பரில் ஒரு புதன் ஆர்வில் கையைத் தூக்கினான். “சொல்லாத விண்ணப்பம்.”

பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண்டாட்டி எழுதிக்கொண்டாள்: ஆர்வில், சொல்லாதது. அடுத்த புதனும் தூக்கினான். அதற்கடுத்த புதனும். குளிர்காலம் வந்தது, போனது. அவன் கை தூக்குவது நிற்கவில்லை. அவளும் எழுதுவதை நிறுத்தவில்லை. கேட்கக் கூடாதல்லவா, கட்டின மனைவிகூடக் கேட்கவில்லை.

ஊர் மட்டும் கேட்காமலே பதில் கண்டுபிடித்தது. புருஷன் ஆறு மாதமாகக் கை தூக்குகிறான், பெண்டாட்டி வற்றிப்போகிறாள். புற்றுநோய் என்றது ஒரு பக்கம். கேஸ்காரனோடு தொடர்பு என்றது மறுபக்கம். புற்றுநோய் என்று நினைத்தவர்கள் சாப்பாடு கொண்டுவந்தார்கள். இங்கே சாவு வீட்டுக்குப் போவதுபோல, நோய் வீட்டுக்கும் வெறுங்கையோடு போகமாட்டோம். ஒரே வாரத்தில் ஏழு கண்ணாடிச் சட்டி. நாலில் கோழியும் நூடுல்ஸும், மூன்றில் உருளைக்கிழங்கும் பாலாடைக்கட்டியும். நோவலீனும் கொண்டுவந்தாள். கேஸ்காரன் கதையைக் கிளப்பியதும் அவள்தான். இரண்டு பக்கமும் காலை வைத்துக்கொண்டாள்.

ஏழாவது சட்டியை வைக்க ஐஸ்பெட்டியில் இடமில்லாமல் ஓலீட்டா அதைக் கையில் பிடித்துக்கொண்டே நின்றாளாம். ஆர்வில் சாப்பாட்டு மேசையில் இருந்தான். பிறகு அவள் எனக்குச் சொன்னதை அப்படியே சொல்கிறேன்.

“ஆர்வில், எல்லாரும் நமக்கு ஏன் சோறு கொண்டுவர்றாங்க? உனக்கு என்ன நோய்? எங்கிட்டயாவது சொல்லு.”

“எனக்கா?”

“ஆறு மாசமா கை தூக்குறியே. நான்தானே எழுதுறேன்.”

அவன் அவளையே பார்த்தானாம். “நான் தூக்கினது உனக்காக, ஓலீட்டா. நீ சாப்பிடுறதில்ல, ராத்திரி கண்ணை மூடுறதில்ல. ஒண்ணு டாக்டர் ஏதோ சொல்லியிருக்கார், நீ மறைக்கிற. இல்ல, என்னை விட்டுட்டுப் போகப்போற. இதுல எதுன்னு எனக்கே தெரியல. அதான் சொல்லாத விண்ணப்பம்னு தூக்கினேன்.”

அவள் சட்டியை அடுப்பின்மேல் வைத்தாள். “ரெண்டும் இல்ல. எனக்கு ஆண்டவர் மேல நம்பிக்கை இல்ல, ஆர்வில். ரொம்ப வருஷமா இல்ல.”

“அவ்வளவுதானா?” என்றான். பிறகு அழுதானாம். கண்ணைத் துடைத்துக்கொண்டு நோவலீன் கொண்டுவந்த கோழியில் இரண்டு தட்டு சாப்பிட்டானாம். அவள் மூன்று தட்டு சாப்பிட்டாளாம். ஆறு மாதத்தில் அன்றுதான் வயிறாரச் சாப்பிட்டதாகச் சொன்னாள். நோவலீனுக்குச் சமைக்க வரும், அதை நான் மறுக்கமாட்டேன்.

எல்லாம் அந்தத் தட்டோடு தீர்ந்துவிடவில்லை. மறுநாள் காலை ஆர்வில் முகம் தொங்கிப்போயிருந்தது. “நான் செத்து அங்க போனா உன்னைத் தேடுவேனே” என்றானாம்.

“தேடு. அப்படி ஒரு இடம் இருந்தா நானும் வந்து நிப்பேன். உன்னைவிட்டா எனக்கு யாரைத் தெரியும்?”

“டீக்கன் வேலையை எடுத்துக்கிட்டா எடுத்துக்கட்டும்.”

“அது போகக் கூடாது. அதுக்காகத்தானே பதினோரு வருஷம் வாயை மூடிக்கிட்டு இருந்தேன்.”

ஓலீட்டா நேராக பாஸ்டரிடம் போய்ச் சொன்னாள். பாஸ்டர் லேண்டன் முப்பது வயசுப் பையன், நல்லவர். ஆறு மாதம் பொறுங்கள் சிஸ்டர், ஜெபம் பண்ணுவோம் என்றார். ஜெபம் பண்ணுங்கள், பொறுக்கமாட்டேன் என்றாள் அவள்.

ஆக, மே மாதம் முதல் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் சபைக் கூட்டம். ஓலீட்டா போன மாதக் குறிப்பைப் படித்தாள். கூரை ஒழுகுவதைப் பற்றிப் பேசினார்கள். பிறகு பாஸ்டர், “புது விஷயம் ஏதாவது?” என்றார்.

ஓலீட்டா எழுந்தாள். பதிவேட்டைப் பார்த்துப் படித்தாள், வேறு யாரையோ பற்றிப் படிப்பதுபோல. “அங்கத்தினர் ஓலீட்டா ஸ்டாம்பர் தன் பேரைப் பதிவேட்டிலிருந்து எடுக்கும்படி கேட்டுக்கொள்கிறார்.”

பின்பெஞ்சில் குழந்தை ஒன்று அழுதது. அதை யாரும் அடக்கவில்லை.

“எந்தச் சபைக்குக் கடிதம் அனுப்பணும், சிஸ்டர்?” பாஸ்டருக்குத் தெரியும், ஆனாலும் கேட்கவேண்டும்.

“எந்தச் சபைக்கும் இல்ல, பாஸ்டர். எனக்கு இப்ப மதம் எதுவும் இல்ல.”

அவர் சட்டப் புத்தகத்தைப் புரட்டினார். எங்கள் சபையில் பெயர் எடுக்க மூன்று வழிதான். செத்துப்போகலாம். வேறு சபைக்குக் கடிதம் வாங்கலாம். இல்லையென்றால் சபை ஓட்டுப் போட்டு நீக்கும். கடைசியாக அப்படி நீக்கியது கள்ளச்சாராயம் விற்ற ஒருவனை, என் அம்மா காலத்தில். பாவம், அவனே தனக்கு எதிராகக் கைதூக்கினானாம்.

“உயிரோட நிக்கிறாங்க, செத்ததா எழுத முடியாது” என்றார் ஒருவர்.

“மெதடிஸ்டு சபைக்கு அனுப்பிடுங்க. ஒண்ணும் இல்லாததுக்குக் கிட்டத்துல இருக்கிறது அதுதான்” என்றார் கிழவர் ஹோபர்ட். அவர் தூங்குகிறார் என்றல்லவா நினைத்திருந்தோம். சபையே சிரித்தது. ஓலீட்டாவும் சிரித்துவிட்டாள்.

மூத்த டீக்கன் கிளைட் மட்டும் சிரிக்கவில்லை. “சட்டம் சட்டம்தான். மூணாவது வழிப்படி நீக்குங்க. டீக்கன் ஒருத்தரோட வீட்டையும் சபை கொஞ்சம் விசாரிக்கணும்.”

ஓலீட்டா முகத்திலிருந்த சிரிப்பு அப்படியே நின்றது.

“ஆர்வில எடுத்துட்டா கோயிலைச் சூடாக்குற அந்த பாய்லர்கிட்ட யாரு போறது?” என்றார் ஹோபர்ட். “நீ போறியா கிளைட்? ஜனவரியில அது நின்னப்ப நீ வெளிய வந்த வேகத்தை நான் பார்த்தேனே.”

கிளைட் உட்கார்ந்தார். டீக்கன் பேச்சு அதோடு செத்தது. ஆனால் நீக்கும் பேச்சு சாகவில்லை. ஓட்டுக்கு விடலாமா என்று பாஸ்டர் கேட்கத் தொடங்கினார்.

ஐம்பத்திரண்டு வருடமாக நான் அந்தக் கூட்டத்தில் வாயைத் திறந்ததில்லை. எழுந்தால் எதையாவது கையில் கொடுத்துப் படிக்கச் சொல்லிவிடுவார்கள் என்ற பயம். அன்று எழுந்தேன்.

“நீக்குறதெல்லாம் குத்தம் பண்ணினவங்களுக்கு. இவ என்ன பண்ணினா? உள்ளதைச் சொன்னா. எப்பவும் எழுதுற கடிதத்தையே எழுதுங்க. நல்ல சாட்சியோட இருந்தவன்னு எழுதுங்க, அது பொய்யா? எந்தச் சபைக்குன்னு எழுதுற இடத்தைச் சும்மா விடுங்க. விட்டு, அவ கையில கொடுங்க.”

“அப்படி ஒரு வழி புத்தகத்துல இல்லையே, டெசி அம்மா” என்றார் பாஸ்டர்.

“புத்தகத்துல என்ன இருக்குன்னு எனக்குத் தெரியாது. எனக்குப் படிக்க வராது.”

சொல்லிவிட்டேன். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். ஓலீட்டாவும் பார்த்தாள். முதுகில் இருந்த மூட்டையை யாரோ இறக்கி வைத்ததுபோல இருந்தது எனக்கு. இவ்வளவு லேசு என்று தெரிந்திருந்தால் முன்பே சொல்லியிருப்பேன்.

பாஸ்டர் புத்தகத்தை மூடினார். “யாராவது வழிமொழியுறீங்களா?”

அவரவர் மடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“வழிமொழியுறேன்” என்றான் ஆர்வில்.

கை தூக்கச் சொன்னார்கள். எண்ணுவது செயலாளர் வேலை. ஓலீட்டாவே பென்சிலால் ஒவ்வொரு பெஞ்சாகச் சுட்டிக்கொண்டு எண்ணினாள். சரி என்று முப்பத்தொன்று. வேண்டாம் என்ற கைகளை இரண்டு முறை எண்ணினாள், ஒன்றுகூடக் குறைந்துவிடக் கூடாதென்று. பன்னிரண்டு. மற்றவர்கள் இரண்டுக்கும் தூக்கவில்லை.

பதிவேட்டில் தன் பெயருக்கு நேராகத் தேதி போட்டாள். கடிதத்தையும் அவளே எழுதினாள், வேறு யாருக்கு எழுதத் தெரியும்? சபைக்குப் படித்துக் காட்டினாள். “ஓலீட்டா ஸ்டாம்பர் எங்களிடம் நல்ல சாட்சியோடு இருந்தவர்” என்ற இடத்தில் குரல் கொஞ்சம் சறுக்கியது. பிறகு சரியாயிற்று. பாஸ்டர் கையெழுத்துப் போட்டார். பதிவேட்டையும் பேனாவையும் அவர் முன்னால் நகர்த்தி வைத்தாள்.

“நான் போகலாமா, பாஸ்டர்?”

“முடிவு ஜெபம் இருக்கு சிஸ்டர். இருந்துட்டுப் போறீங்களா?”

“இருக்கேன்.”

ஜெபம் முடிகிறவரை மரியாதையாக நின்றாள். கண்ணை மூடவில்லை. அது எனக்கு எப்படித் தெரியும் என்று யாரும் கேட்கவேண்டாம்.

அந்த மாதம் வாசலில் நிற்கும் முறை ஆர்விலுடையது. வெளியே போகிற ஒவ்வொருவருக்கும் கைகொடுப்பான். ஜெபம் முடிந்ததும் அவன் ஓடிப்போய்த் தன் இடத்தில் நின்றான். ஓலீட்டா நடுப்பாதையில் வந்தாள். இரண்டு பெண்கள் அவளைக் கட்டிக்கொண்டார்கள். கிளைட் வேறு பக்கம் பார்த்தார். வாசலில் ஆர்வில் கையை நீட்டினான், எல்லோருக்கும் நீட்டுவதுபோலவே.

“வந்ததுக்கு சந்தோஷம், மேடம். இந்த ஊருக்குப் புதுசா?”

“ஆமா. இப்பத்தான் வந்திருக்கேன்.”

“சாப்பாட்டுக்கு எங்க போறீங்க?”

“வீட்டுக்குத்தான். மாட்டிறைச்சி அடுப்புல இருக்கு. ஒரு மணிக்கு வந்து சேரு, காஞ்சுபோயிடும்.”

கையை விட்டுவிட்டுப் படியிறங்கினாள். காரில் ஏறவில்லை. கடிதத்தை விசிறிபோல ஆட்டிக்கொண்டே, வெயிலில் சாலையோரமாக நடந்தே போனாள்.